எதிர்வீட்டு உச்ச தளபதி

முப்படைகளின் உச்ச தளபதி பெரும்பாலும் கட்டம் போட்ட சாரமும் கை வைக்காத பனியனும்தான் உடுத்தியிருப்பார். சாரல் பலமாக அடித்தால் தோளில் ஒரு துண்டு சேரும். நான் சொல்வது நாட்டின் முப்படைகளை அல்ல. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் பிரியும் எங்கள் தெருவின் முப்படைகளை. ஒரு தெருவுக்கு எதற்குப் படை என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் கேட்டோம். பதில் வரவில்லை, சல்யூட்தான் வந்தது.

அவர் எனக்கு எதிர்வீடு. கூட்டுறவு பண்டகசாலை ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். துப்பாக்கி என்று ஒன்றை அவர் பொருட்காட்சியில் பலூன் சுடுகிற கடையில் பார்த்திருக்கலாம். சுடலாமா வேண்டாமா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் பொருட்காட்சியைப் பிரித்துக்கொண்டு போயிருப்பார்கள். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் மனைவியை மதினி என்பேன். நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவள் என்பதால் தெருவே என்னை டீச்சர் என்றது.

அண்ணாச்சிக்கு முடிவு எடுக்க வராது. இதைக் குறை என்று சொல்ல எனக்கு மனசில்லை. சிலருக்கு விசில் வராது, சிலருக்கு நீச்சல் வராது, அவருக்கு முடிவு வராது. அவ்வளவுதான்.

சீசன் தொடங்கியதும் தலையில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு அருவிக்குக் கிளம்புவார். ஆட்டோக்காரர் மெயினருவியா, ஐந்தருவியா, பழைய அருவியா என்று கேட்பார். வந்தது வினை. "மெயினருவியில தண்ணி நல்லா விழும், ஆனா கூட்டம். ஐந்தருவியில கூட்டம் பிரிஞ்சு நிக்கும், ஆனா தண்ணியும்லா பிரிஞ்சு விழுது" என்று தொடங்குவார். ஆட்டோ வேறு சவாரி போய்த் திரும்பி வரும். அண்ணாச்சி அங்கேயே எண்ணெய் வழிய நின்றுகொண்டிருப்பார். கடைசியில் மலையில் மழை, வெள்ளம், குளிக்கத் தடை என்று சேதி வரும். தடை என்றதும் முகம் மலர்கிற ஒரே மனிதரை நான் அந்த ஆட்டோ ஸ்டாண்டில்தான் பார்த்தேன். நிம்மதியாகத் திரும்பி வந்து வீட்டுக் குழாயடியில் குளிப்பார். ஊரெல்லாம் தேடி வந்து குளிக்கிற அருவிக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு, எனக்குத் தெரிந்து அவர் அருவியில் நனைந்ததே இல்லை.

அவர் வீட்டு முன்சுவர் பாதி பச்சை, பாதி மஞ்சள். பெயிண்டர் மாதிரிக்கு இரண்டு கலரையும் பாதிப் பாதியாக அடித்துக் காட்டி, எது வேண்டும் என்று கேட்டாராம். அண்ணாச்சி பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று மதினி பல வருடம் கழித்தும் சொல்வார். கூரியர் பையன்களுக்கு எங்கள் தெருவில் அடையாளமே ரெட்டைக் கலர் வீடுதான். இப்போது அந்த வீட்டை வாங்கியவர் முழுவதும் ஒரே வெள்ளையாக அடித்துவிட்டார். எனக்குப் பிடிக்கவே இல்லை.

யாராவது அவரிடம் அபிப்பிராயம் கேட்டால் ஒரே பதில்தான். "செய்யலாம்" என்பார். கேட்டவர் படியிறங்கும்போது, "செய்யாமலும் இருக்கலாம்" என்பார். மதினி அதற்கு நேர் எதிர். காய்கறிக்காரன் தெருமுனையில் திரும்பும்போதே என்ன குழம்பு என்று அவருக்குத் தெரிந்துவிடும். பெண்ணுக்குப் பெயர் வைத்தது, பள்ளியில் சேர்த்தது, வீடு கட்டியது எல்லாம் மதினிதான். "அவிய கையில விட்டிருந்தா எம்மக இன்னைக்கும் பாப்பாதான்" என்று சொல்லிச் சிரிப்பார். அண்ணாச்சியும் கூடவே சிரிப்பார்.

இப்படிப்பட்டவர் எப்படிப் படைகளுக்குத் தலைமை ஏற்றார் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்திலோ போலீஸிலோ இருப்பது சாதாரணம். ஓய்வு பெற்றதும் தென்காசியில் மனை வாங்கிக் குடியேறுவார்கள். எங்கள் தெருவில் அப்படி மூன்று பேர். ராயகிரிக்காரர் தரைப்படையில் இருந்து கடைசி காலத்தில் கௌரவ கேப்டன் ஆனவர். கீழப்பாவூர்க்காரர் கப்பல் படை. ஆய்க்குடிக்காரர் விமானப்படை. தெருவில் மூவருக்கும் கேப்டன், நேவி, ஏர்போர்ஸ் என்றே பெயர். தனித்தனியாகப் பார்த்தால் மூவரும் தங்கமான மனிதர்கள். சேர்த்துப் பார்த்தால்தான் ஆபத்து.

தகராறு அம்மன் கோயிலில் ஆரம்பித்தது. எங்கள் தெருக் கோயிலில் ஆடி மாதம் கொடைத் திருவிழா. அம்மன் வெளியே புறப்படுவதற்கு முன் தெருக்காரர் ஒருவர் தலையில் பூசாரி பரிவட்டத் துணி கட்ட வேண்டும், அதுதான் முதல் மரியாதை. அதை வாங்கிக்கொண்டிருந்த பெரிய வியாபாரி மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். அடுத்தது யார் என்று கேட்டார் பூசாரி. மூன்று தலைகள் முன்னால் நீண்டன.

"ஆபீசர் ரேங்க் எனக்குத்தான்" என்றார் கேப்டன்.

"அது வீட்டுக்கு அனுப்பும்போது சும்மா குடுக்கது வே. உலகத்துல முதல்ல வந்தது தண்ணி. அப்ப மூத்த படை எது?" என்றார் நேவி.

"ரெண்டு பேரும் அண்ணாந்து பாருங்க. மேல இருக்கவன்தான் மேல" என்றார் ஏர்போர்ஸ்.

அந்த வருடம் கொடை நின்றது. அடுத்த ஆடியும் நின்றது, அதற்கடுத்த ஆடியும் நின்றது. ஊர் சிரித்தது. ஆனால் மதினிக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு வயிற்றில் கட்டி எடுத்தபோது, பிழைத்து வந்தால் மூன்று கொடைக்கு மாவிளக்கு எடுப்பதாக நேர்ந்திருந்தார். இரண்டு எடுத்தாகிவிட்டது. மூன்றாவது பாக்கி. அம்மன் கடன் இருக்கும்போது வீட்டில் கல்யாணம் நடத்த மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். மகளுக்கோ மாப்பிள்ளை முடிவாகி, கல்யாணம் காத்திருந்தது. அந்தப் பிள்ளைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று பிடித்துப்போய் நிச்சயம் செய்துகொண்டவர்கள். சுரண்டையிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்து, "வர்ற ஆவணியில வைங்க. இல்லைன்னா எங்களை விட்டுருங்க" என்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். மதினி முதல் முறையாக என் வீட்டில் வந்து அழுதார். வேறு கோயிலில் எடுத்தால் ஆகாதா என்று கேட்டேன். "கடன் வாங்கினது ஒருத்திகிட்ட, குடுக்கது இன்னொருத்திகிட்டயா?" என்றார்.

அந்த வாரமே மூன்று படைகளும் என் வீட்டு வரவேற்பறையில் வந்து உட்கார்ந்தன. மதினி போய் மூவரையும் ஒரு பிடி பிடித்திருக்கிறார் என்று புரிந்தது.

"டீச்சர், நீங்க வரலாறு படிச்சவிய. ஜெனரலுக்கு மேல என்ன?" என்றார் கேப்டன்.

"பீல்டு மார்ஷல்."

"அதுக்கும் மேல?"

"சில நாடுகள்ல ஜெனரலிசிமோன்னு ஒரு பட்டம் இருந்திருக்கு. எல்லா ஜெனரலுக்கும் மேலான ஜெனரல்னு அர்த்தம். அதுக்கு மேல பட்டமே கிடையாது."

"யாரு குடுப்பா?"

"சில பேரு அவங்களே எடுத்துக்கிட்டாங்க."

"அப்ப நான் எடுத்துக்கிடுதேன்" என்றார் கேப்டன்.

"நானும் எடுத்துக்கிடுதேன்" என்றார் நேவி. ஏர்போர்ஸ் வாயைத் திறப்பதற்குள் நான் காபியைக் கையில் கொடுத்துவிட்டேன்.

அவர் காபியைக் குடித்துவிட்டு உருப்படியாக ஒன்று கேட்டார். "நம்ம நாட்டுல மூணு படைக்கும் மேல யாரு டீச்சர்?"

"குடியரசுத் தலைவர். அவர்தான் உச்ச தளபதி. சீருடை கிடையாது, துப்பாக்கி கிடையாது, சண்டைக்குப் போகணும்னு கிடையாது. மந்திரிசபை சொல்லுறபடி உத்தரவு அவர் பேர்ல வரும். அவ்வளவுதான்."

மூவரும் யோசித்தார்கள். ஜன்னல் வழியாக எதிர்வீடு தெரிந்தது. அண்ணாச்சி கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சாரல் விழுகிறது என்று குடையை எடுத்து வந்தார். சாரல் நின்றது. குடையை உள்ளே வைத்துவிட்டு வந்தார். சாரல் விழுந்தது. மறுபடி உள்ளே போனார். மூன்று படைகளும் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தன.

"அவருக்குன்னு ஒரு கருத்தும் கிடையாதுல்லா?" என்றார் நேவி மெதுவாக.

"கிடையவே கிடையாது" என்றேன்.

தேர்தல் அங்கேயே முடிந்தது, பரிவட்டம் இனி உச்ச தளபதி தலைக்கு. எதிர்வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அண்ணாச்சி குடையோடு வாசலில் நின்றார். "யோசிச்சுச் சொல்லுதேனே" என்றார். உள்ளேயிருந்து மதினி, "அவிய சம்மதிச்சிட்டாவ!" என்றார்.

மறுநாள் முதல் காலையில் மூவரும் ரெட்டைக் கலர் வீட்டு முன் வந்து ரிப்போர்ட் செய்தார்கள். தரைப்படை சல்யூட்டில் உள்ளங்கை எதிரில் இருப்பவரைப் பார்க்கும், கப்பல் படைக்குத் தரையைப் பார்க்கும், விமானப்படைக்குச் சாய்வாக இருக்கும். திருப்பி எப்படி அடிப்பது என்று அண்ணாச்சிக்குக் குழப்பம். ஒருவர் மாதிரி அடித்தால் மற்றவர் கோபிப்பார். கையைத் தூக்கி, திருப்பி, சாய்த்து, கடைசியில் கும்பிடு போடுவார். பால் வாங்க வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

வேலையும் பிரிக்கப்பட்டது. தெருவில் நடப்பதெல்லாம் தரைப்படை. குற்றாலத்திலிருந்து தீர்த்தம் கொண்டுவருவது, வெல்லப் பானக்காரம், தண்ணீர் லாரி எல்லாம் கப்பல் படை. தலைக்கு மேல் இருக்கும் மைக்செட், சீரியல் லைட், வாணவெடி விமானப்படை. வாட்ஸப் குழுவில் உத்தரவு போடும் உரிமை உச்ச தளபதிக்கு மட்டும். அதனால் அதில் ஒரு செய்தியும் வந்ததில்லை.

மாலையில் பள்ளிவிட்டு வரும்போது அண்ணாச்சி கேட்டருகில் எனக்காகக் காத்திருப்பார். "டீச்சர், உச்ச தளபதின்னா சரியா என்ன அர்த்தம்?"

"உங்களுக்கு மேல உத்தரவு போட ஆள் கிடையாதுன்னு அர்த்தம்."

மறுநாள், "அப்ப நான் போட்டே ஆகணுமா?"

"வேண்டாம், அவங்க சொல்றதுக்குச் சரின்னு சொன்னா போதும்."

அதற்கு மறுநாள், "மூணு பேரும் மூணு சொன்னா?"

நான் அலுத்துப்போய், "கடவுளை வேண்டிக்குங்க" என்று உள்ளே போய்விட்டேன். பயந்த மனிதருக்கு இதைவிட நல்ல பதில் சொல்லியிருக்கலாம். பரீட்சைத் தாள் திருத்துகிற அவசரம் எனக்கு.

ஆடிக் கடைசிச் செவ்வாய் கொடை என்று மதினிதான் தேதி குறித்தார். இரண்டு நாள் முன்னால் கேப்டன் வந்து விறைப்பாக நின்றார். "சாமி வரும்போது குறுக்க வண்டி வரப்படாது. ரோட்டை அடைக்கலாமா சார்?" நான் அப்போது அங்கேதான் பூக்கட்டிக்கொண்டிருந்தேன். "செய்யலாம்" என்றார் அண்ணாச்சி. கேப்டன் சல்யூட் அடித்துத் திரும்பி வாசலைத் தாண்டியபோது, "செய்யாமலும் இருக்கலாம்" என்றார். வாணவெடி பற்றி ஏர்போர்ஸ் கேட்டதற்கும் அதே பதில்தான். தண்ணீர் லாரியில் பம்ப் வைக்கலாமா என்று நேவி கேட்டதற்கும் அதேதான். ராணுவத்தில் உத்தரவின் முதல் பாதியை மட்டும்தான் கேட்பார்கள் போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை இருட்டுகிற நேரம். மேளம் நன்றாகச் சூடு பிடித்திருந்தது. மதினி புதுச்சேலையில், தாம்பாளத்தில் மாவைப் பிடித்து நடுவில் குழி செய்து நெய் ஊற்றித் தயாராக வைத்திருந்தார். கேப்டன் போலீஸில் அனுமதி வாங்காமல் குற்றாலம் ரோட்டில் கயிறு கட்டி, வந்த வண்டிகளையெல்லாம் திருப்பிவிட்டார். அதில் ஒரு கேரளா வேன் எங்கள் தெருவுக்குள்ளேயே நுழைந்துவிட்டது. அதே நேரம் ஏர்போர்ஸ் விட்ட வாணம் ஒன்று மேலே போகாமல் படுத்துக்கொண்டு பறந்து, வேன் மேல் மூட்டைகளை மூடியிருந்த தார்ப்பாயில் போய் உட்கார்ந்தது. ஓர் ஓரம் புகைந்தது. நேவி ஒரு நொடி தாமதிக்கவில்லை. பம்பைத் திறந்து, தார்ப்பாயை மட்டுமில்லாமல் வேனையும், உள்ளே இருந்த குடும்பத்தையும் முழுக்க நனைத்துவிட்டார்.

"எந்தா சேட்டா இது?" என்று ஒருவர் சொட்டச் சொட்ட இறங்கி வந்தார்.

"குளிக்கத்தான வந்தீய?" என்றார் நேவி.

மூன்று படைகளும் சேர்ந்து நடத்திய முதல் நடவடிக்கை அதுதான். ஒருவருக்கும் காயமில்லை, தார்ப்பாயில் ஒரு ஓட்டை, அவ்வளவே. ஆனால் ரோட்டில் வண்டிகள் தேங்கி, இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். மேளம் நின்றது.

"யாரைக் கேட்டு ரோட்டை அடைச்சீய? யார் உத்தரவு?"

மூன்று வருடமாக எதிலும் ஒத்துப்போகாத மூன்று பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். மூன்று விரல்களும் சாரம் கட்டி ஓரமாக நின்ற அண்ணாச்சியைக் காட்டின. "எங்க உச்ச தளபதி சார். செய்யலாம்னு சொன்னாவ" என்றார் கேப்டன்.

எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு மெடல் வாங்கியவர்களுக்கு ஒரு உண்மையை முழுதாகச் சொல்லத் தெரியவில்லையே. இன்ஸ்பெக்டர் சொன்னார்: "பொறுப்பான ஆள் ஒருத்தர் ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் குடுங்க. இல்லைன்னா மைக்செட்டை எடுத்துருவேன், கொடையை இத்தோட நிறுத்திருங்க."

அண்ணாச்சி அவரைப் பார்க்கவில்லை. மதினியின் தாம்பாளத்தைப் பார்த்தார். நெய்யில் திரி ஊறிக்கொண்டிருந்தது. அவர் யோசிக்க ஆரம்பித்துவிட்டார் என்று தெரிந்தது. அவர் யோசித்து முடிப்பதற்குள் ஆடி முடிந்துவிடுமே.

"ஆமா சார்" என்றார். "நான்தான் உத்தரவு போட்டேன். செய்யலாம்னுதான் சொன்னேன்."

மீதிப் பாதிக்காகக் காத்திருந்தேன். அது வரவேயில்லை. பனியனுக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

வெடி கூடாது, ரோட்டைத் திறந்துவிட வேண்டும், மற்றபடி நடத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஜீப் போனது. பூசாரி பரிவட்டத் துணியை எடுத்தார். "உச்ச தளபதி இல்லியே. யாருக்குக் கட்ட?" என்றார்.

மூன்று வருடமாக அடித்துக்கொண்ட துணி அது. இப்போது கை நீட்டினால் கிடைக்கும். கேப்டன் தரையைப் பார்த்தார். பூசாரி நேவி பக்கம் திரும்பினார், நேவி தண்ணீர் லாரியின் பின்னால் போய் நின்றுகொண்டார். ஏர்போர்ஸ், "என் தலைக்கு வேண்டாம் சாமி" என்றார். அவர்கள் மேலிருந்த கோபத்தில் பாதி எனக்கு அங்கேயே போய்விட்டது.

"ஸ்டேஷன்ல கொண்டுபோய்க் கட்டுவோம்" என்றார் கேப்டன்.

மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் போங்க டீச்சர். இவிய மூணு பேரும் அங்கன போயி யாரு முதல்ல உள்ள போறதுன்னு நிப்பாவ" என்றார். மாவிளக்கை ஏற்றிவிடுங்கள் என்றேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "அவிய சொல்லட்டும். ஏத்துதேன்."

ஸ்டேஷன் நடந்து போகிற தூரம்தான். பூசாரி துணியோடு நடந்தார், பின்னால் நான், எனக்குப் பின்னால் மூன்று படைகள், குடையில்லாமல். மதினி சொன்னபடியே வாசலில் மூவரும் தயங்கினார்கள். ஒவ்வொருவரும் மற்றவரை முதலில் போகச் சொன்னார்கள், அதுதான் வித்தியாசம். நான் பொறுமையிழந்து முதலில் உள்ளே போனேன்.

அண்ணாச்சி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எதிரே இன்ஸ்பெக்டர். கோபமெல்லாம் ஆறி, பேச்சுத்துணைக்குக் கேட்பவர் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். "உச்ச தளபதின்னா என்ன அண்ணாச்சி அர்த்தம்?"

"டீச்சர்கிட்ட தினமும் கேட்டேன், எனக்குப் பிடிபடல சார். இப்பத்தான் தோணுது. அவிய செஞ்சது நான் செஞ்சதுன்னு ஆயிருது. அதுதான் போலிருக்கு."

கேப்டன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பூசாரி துணியைப் பிரித்து அண்ணாச்சி தலையில் சுற்றிக் கட்டினார். அம்மன் மரியாதை என்பதால் இன்ஸ்பெக்டர் பூட்ஸைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார், ஸ்டேஷனில் எல்லோரும் எழுந்தார்கள். அண்ணாச்சி தானும் எழுவதா உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் பாதி எழுந்த நிலையில் இருந்தார்.

என் போன் அடித்தது. மதினி. ஸ்பீக்கரில் போட்டு அண்ணாச்சியிடம் நீட்டினேன். பின்னணியில் ஒரு சத்தமும் இல்லை, அங்கே மொத்தத் தெருவும் காத்துக்கொண்டிருந்தது.

"பரிவட்டம் கட்டியாச்சா?"

"ஆச்சு" என்றார்.

"அப்ப ஏத்தட்டுமா?"

அவர் போனையே பார்த்தார்.

"ஏத்துட்டி" என்றார்.

அதற்குப் பின்னால் வேறெதுவும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் குலவைச் சத்தம் எழுந்தது. போனில் கேட்ட அதே குலவை, ஈரக்காற்றில் தெருத் தாண்டி, மைக்செட் வழியாக ஸ்டேஷனுக்குள்ளும் வந்து சேர்ந்தது.